சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு கோல்ஃப் மட்டை

கருங்கல்லில் இருந்து குழித்துறை போகும் பேருந்தில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் மடியில் ஒரு கோல்ஃப் மட்டை.

"அவரு கல்லறையில சிலுவைக்குப் பக்கத்துல இதையும் கொத்தணும்னு பிள்ளையள் ஒத்தக் கால்ல நிக்குதுவ. கல்லு கொத்துறவரு இந்தச் சாதனத்தப் பாத்ததே இல்லியாம். அவருக்குக் காட்ட நான் சுமந்துட்டுப் போறேன்."

"அண்ணனுக்கு இதுல அவ்வளவு பிரியம்லா மைனி."

"பிரியமா? துபாய்ல பிடிச்ச கிறுக்கு. ஊருக்கு வந்து, ரப்பர் பால் பிடிக்குத சிரட்டைய வீட்டுக்குப் பின்னால விளையில புதைச்சு வச்சு, அதுல பந்து விழணும்னு அடிப்பாரு. ஒண்ணாவது விழுந்துச்சா? எல்லாம் மேட்டுப் பக்கமே போவும். பொறுக்க நான் ஏறணும்."

"பிள்ளையள விடப்பிடாதா?"

"விடமாட்டாரே! 'ஒங்க அம்மை போவட்டு'ம்பாரு."

இளையவர் சிரித்துவிட்டார்.

"நெசமாட்டே ஒங்களுக்குத் தெரியாதா மைனி? சுகர் கூடினப்ப டாக்டர் தெனமும் நடக்கச் சொன்னாரு. நீங்க முடியாதுன்னு சண்டை போட்டிய. அதுக்குப் பொறவுதான் அண்ணன் மேட்டுப் பக்கம் அடிக்கத் தொடங்குனது. எங்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்."

மூத்தவர் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சவத்து மனுசன். கால் முட்டு தேய ஏற வச்சிட்டுப் போயிட்டாரே."

இளையவர் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, சிலுவையக் கொஞ்சம் சின்னதாக் கொத்தச் சொல்லுவோமா? இது பெருசா இருக்கட்டும்."