மாலையோடு சொன்ன டேய்

எனக்கு எழுத்து கோணலா வரும், மறதியும் ஜாஸ்தி, பொறுத்துக்கணும். பழனிக்கு நடந்து போய்ட்டு ஆவடிக்கு பஸ்ஸில் திரும்பினோம். முன்சீட்டில் மாலை போட்ட அண்ணன் தம்பி இரண்டு பேர்.

"ஊட்டுக்குப் போயி மாலைய கழட்டிட்டா மறுபடியும் பேசமாட்டீங்களா சாமி?" என்று தம்பி கேட்டார்.

"மாலை போட்டா எல்லாரையும் சாமின்னு கூப்டணுமே, அதுக்குத்தான் பேசினேன். ஊட்டு நடுவுல சுவரு வச்சது யாரு சாமி?"

"நான்தான். தப்புதான் சாமி."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பூந்தமல்லி வந்ததும் தம்பி எழுந்து போய் காத்துக்காகப் படியில் நின்றார். பஸ் குலுங்கியது.

"டேய், உள்ள வாடா! உழுந்துடப் போற!" என்று அண்ணன் கத்தினார்.

"மாலையோட டேய்ன்னுட்டியே அண்ணாத்தே!" தம்பி சிரித்துவிட்டார்.

"முருகன் மன்னிப்பாரு. நீ வந்து குந்துடா."

அது பூந்தமல்லியா, திருமழிசையா, கூட வந்தவங்க யாராவது சரிபார்த்துச் சொல்லுங்க.