பாதிப் பின்னல்

கதவை நன்றாகச் சாத்து தம்பி, பனி உள்ளே வருகிறது. ஈரக் காலுறையை அடுப்புக்கு நேர் மேலே தொங்கவிடாதே. சூப்பில் வாடை இறங்கினால் நீதான் முழுச் சட்டியையும் குடிக்க வேண்டும்.

மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் நின்ற பிறகு இந்தக் குடிலுக்கு வர ஒரே வழி, முகட்டுப் பாதை. மாலை நாலரை மணி. ஆள் அரவம் கிடையாது. ஒரு பக்கம் மேகம், ஒரு பக்கம் எதிர்ச்சரிவு. அதில் ஐந்து பேரும் பனிச்சறுக்குப் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு பாடிக்கொண்டே வந்தீர்கள். வந்து உட்கார்ந்ததும் ஒரே புலம்பல். செவ்வாய்க்கிழமை அவ்வளவு பனி பெய்தும் பத்து மணிக்குள் எல்லாச் சரிவும் யானை புகுந்த வயல் ஆகிவிட்டதாம். தொடாத பனி ஒரு கை அகலம்கூட இல்லையாம். அப்புறம் அந்தச் சிவப்புத் தொப்பித் தம்பி சொன்னான், நாளைக்கு எதிர்ச்சரிவுக்குப் போகலாம், யாரோ ஏற்கெனவே இறங்கியிருக்கிறார்கள், இருந்தாலும் பக்கத்தில் நிறைய இடம் இருக்கிறது என்று.

அந்த இடத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். விளக்கைக் குறை. சாராயத்தை இந்தப் பக்கம் தள்ளு.

மேல் லிஃப்டை ஓட்டுகிற ரோமெட்டை உங்களுக்குத் தெரியும். நரைத்த மீசை, வணக்கம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவான். அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. பொய் சொல்ல முதலில் வாயைத் திறக்க வேண்டுமே. இது அவனுடைய அக்காவுக்கு நடந்தது. அக்கா பெயர் புர்கி. அவள் புருஷன் செராஃபின், கீழே கிராமத்தில் ரொட்டிக்கடை வைத்திருந்தான்.

ரொட்டிக்கடைக்காரர்களுக்கு ஒரு வசதி. ஊர் எழுந்திருக்கும்போது அவர்கள் வேலை முடிந்திருக்கும். இரண்டு பேரும் மாவு ஒட்டிய புருவத்தோடு முதல் லிஃப்டில் நிற்பார்கள். செராஃபின் பக்கத்தில் நின்றால் சோம்பு போட்ட ரொட்டி வாசனை வரும். பத்து மணிக்கு வெளியூர்க் கூட்டம் வந்து சரிவையெல்லாம் உழுதுவிட்டால் இவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். பலகைக்கு அடியில் வழுக்காமல் ஏறுவதற்கான தோல்பட்டையை ஒட்டிக்கொண்டு, லிஃப்ட் போகாத பக்கமாக ஏறிப் போய், யாரும் தொடாத பனியைத் தேடிப் பிடிப்பார்கள்.

பிடித்தால் பின்னல் போடுவார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஊர் ஜோடிகளுக்கு அது ஒரு பெருமை. முதலில் ஒருவர் வளைந்து வளைந்து இறங்குவார். மற்றவர் அந்த வளைவை வெட்டி வெட்டி எதிர் வளைவு போட்டுக்கொண்டு வருவார். கீழே நின்று திரும்பிப் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை எட்டு எட்டாக, சடை பின்னிய மாதிரி இருக்கும். புர்கியும் செராஃபினும் போட்ட பின்னலைப் பார்ப்பதற்கே லிஃப்டில் தலைகள் திரும்பும்.

எப்போதும் அவன்தான் முதலில் இறங்குவான். பனி நிற்குமா சரியுமா என்று தெரியாத இடம், ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது, விட்டால் என் காலாக இருக்கட்டும் என்பான். புர்கி பின்னால் வந்து வெட்டுவாள்.

அந்த வருடம் பள்ளி விடுமுறை வாரம். மலை முழுக்கக் கூட்டம். தேடித் தேடிக் கடைசியில் எதிர்ச்சரிவின் உச்சிக்கு வந்தார்கள். கீழே ஒரு கீறல் இல்லை. காலையில் கடையில் ஏதோ சின்னச் சண்டை, மாவு மூட்டையைப் பற்றி. அந்த எரிச்சல் புர்கிக்கு இன்னும் தீரவில்லை.

"எப்பப் பாத்தாலும் உன் முதுகைப் பாத்துக்கிட்டே வரணுமா? இன்னிக்கு நான்தான் முதல்ல," என்றாள்.

அவன் சிரித்துவிட்டு வழிவிட்டான். "போங்க மகாராணி" என்றானாம்.

அவள் இறங்கினாள். அவ்வளவு நல்ல பனி அவள் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. முழங்கால்வரை பொடி... சத்தமே இல்லை. கீழே போய் நின்று, திரும்பி, கையிலிருந்த ஊன்றுகுச்சியை உயர்த்திக் காட்டினாள். அவன் கிளம்பினான். ஒரு வளைவு. இரண்டு. மூன்றாவது வளைவில்...

வும்.

அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியும் இல்லையா? இடி மாதிரி இருக்காது. பெரிய மெத்தையில் யாரோ பொத்தென்று உட்கார்ந்த மாதிரி இருக்கும். பனிக்கு அடியில் இருக்கிற பனி உட்காருகிற சத்தம். அப்புறம் சரிவு முழுவதும் கண்ணாடி மாதிரி உடைந்தது.

ரோமெட்டும் இன்னும் நாலு பேரும் பனியில் புதைந்தவரைத் தேடுகிற பீப் கருவியோடு ஓடினார்கள். பீப்... பீப்... பீப்... என்று அது நெருங்கி நெருங்கிக் கேட்டதை இன்றைக்கும் அவனால் மறக்க முடியவில்லை. லிஃப்ட் அறையில் எந்த மணி அடித்தாலும் எழுந்து நின்றுவிடுவான். தோண்டி எடுத்தபோது செராஃபின் உடம்பு இன்னும் சூடாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்கவே முடிவதில்லை.

அடுத்த குளிர்காலம் புர்கி பலகையை எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை, எடுக்காமல் மூலையில் கிடந்தால்தான் பயப்பட வேண்டும் என்று நினைத்தார்கள். ஒரு நாள் காட்டோரமாக யாரும் தொடாத சின்னச் சரிவு ஒன்று கிடைத்தது. தனியாகத்தான் இறங்கினாள். கீழே நின்று பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தாள்.

பின்னல்.

அவளுடைய ஒவ்வொரு வளைவையும் இன்னொரு தடம் வெட்டியிருந்தது. ஆள் இல்லை. சத்தம் இல்லை. காற்றில் மட்டும் சோம்பு வாசனை, ரொட்டிச் சூளையைத் திறந்தாற்போல, ஒரு நிமிடம் இருந்துவிட்டுப் போனது.

ரோமெட் நம்பவில்லை. இரண்டு தடவை இறங்கியிருப்பாள், துக்கத்தில் மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். ஒரு நாள் மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்று பார்த்தான். அவள் ஒருத்திதான் வந்தாள். வரும்வரை பின்னால் ஒரே தடம். அவள் நின்று திரும்பினாள்... அவனும் அவள் பார்த்த பக்கம் பார்த்தான். இரண்டு தடம் இருந்தது. அதற்குப் பிறகு அவன் மறைந்து பார்க்கப் போகவே இல்லை.

ஆனால் அவள் விடவில்லை. எப்படி விடுவாள்? உழுது போட்ட சரிவில் எந்தத் தடம் யாருடையது என்று எப்படித் தெரியும்? தொடாத பனியில்தான் அவன் வருவது தெரியும். நீங்கள் சந்தோஷத்துக்குத் தேடுகிறீர்கள் பிள்ளைகளே. அவள் புருஷனைத் தேடினாள். பக்கத்துச் சரிவுகள் தீர்ந்ததும் தூரமாகப் போனாள். தூரமும் தீர்ந்ததும் பாறை இடுக்குகளுக்குப் போனாள், மலையாடுகூடக் கால் வைக்க யோசிக்கிற இடம். கடையைப் பூட்டினாள். உதடு வெடித்து, கன்னம் கறுத்து, சிரித்த முகத்தோடு லிஃப்டில் ஏறுவாள்.

ரோமெட் ஒரு நாள் லிஃப்டை நிறுத்திவிட்டு அவளிடம் கெஞ்சியிருக்கிறான். அவன் வாழ்நாளில் அவ்வளவு பேசினது அன்றைக்குத்தான்.

"நீயும் செத்துப் போகப் போறே அக்கா. உன்னையும் நான்தான் தோண்டி எடுக்கணுமா?"

"அங்கதான்டா அவரு வர்றாரு," என்றாள். "நான் வேற எங்க போவேன்?"

ரோமெட் திரும்பி அறைக்குள் போனான். லிஃப்டை மறுபடி ஓட விட்டான்.

திரும்பவும் விடுமுறை வாரம் வந்தது. மலை முழுக்க உழவு. அவள் கண்டுபிடித்து வைத்திருந்த மூலைமுடுக்கெல்லாம்கூட யாரோ புகுந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. செராஃபின் போனதிலிருந்து ஊர்க்காரர் யாரும் கால் வைக்காத இடம். மாலை மூன்றரை மணிக்கு ரோமெட் தற்செயலாகத் தலையைத் தூக்கிப் பார்த்தான். எதிர்ச்சரிவின் உச்சியில் ஒரு கறுப்புப் புள்ளி நின்றது.

தொலைநோக்கியை எடுத்தான். அக்காதான். கத்தினால் கேட்காது, ஓடினால் எட்டாது. பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் இறங்கவில்லை. ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றாள், வழிவிடுகிற மாதிரி. அப்போது என்ன சொன்னாள் என்று பிறகு அவளே தம்பியிடம் சொன்னாள்.

"அன்னிக்கு மாதிரி வேணாம். நீ முதல்ல போ."

சோம்பு வாசனை வந்ததாம். பிறகு அவள் காலடிக்குப் பக்கத்தில் பனி மெல்லப் பிளந்தது. ரோமெட்டும் பார்த்தான். ஆள் இல்லை... பனிப்பொடி மட்டும் இடப்பக்கம் எழும்பியது, வலப்பக்கம் எழும்பியது. வளைவு வளைவாகத் தடம் இறங்கியது. அந்த மூன்றாவது வளைவும் வந்தது. அதையும் தாண்டிப் போனது. கீழே போய், பலகையைக் குறுக்கே திருப்பி நிற்கிற மாதிரி ஒரு சின்னத் திட்டு அமுங்கியது. அங்கே நின்றது. அவளுக்காக.

புர்கி குச்சியை ஊன்றினாள். முழங்காலை மடக்கினாள்.

வும்.

காலுக்கு அடியில் பனி ஒரு விரற்கடை இறங்கியது. மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு சரிவின் குறுக்கே ஓடியது. ஆனால் சரிவு உடையவில்லை. அப்படியே நின்றது... அவள் அடுத்து என்ன செய்யப் போகிறாள் என்று பார்க்கிற மாதிரி.

ரோமெட் விளக்கோடு முகட்டுப் பாதை வழியாக, நீங்கள் வந்த அதே பாதைதான், போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அவள் அதே இடத்தில் அதே மடங்கிய முழங்காலோடு நின்றாள். இமையெல்லாம் பனி. அவன் குனிந்து பலகையைக் கழற்றினான், சின்னப் பிள்ளைக்குச் செருப்புக் கழற்றுகிற மாதிரி. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தச் சத்தம்... வராதேன்னு சொன்னாரா? வான்னு சொன்னாராடா?"

அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கும் தெரியாது. வராதே என்றுதான் சொல்லியிருப்பான் என்று நான் அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சரி என்று தலையாட்டுவாள். அப்புறம் ஜன்னலைப் பார்ப்பாள்.

அதோடு அவள் பலகையைத் தொடவில்லை. கடையைத் திறந்தாள். சோம்பு ரொட்டி சுட்டாள். நன்றாக வாழ்ந்தாள் என்று ஊர் சொல்லும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் பெரும்பனி பெய்த மறுநாள் ஒவ்வொரு வருடமும் எதிர்ச்சரிவில் ஒற்றைத் தடம் விழும். மேலிருந்து கீழ்வரை, அழகான வளைவு, கீழே ஒரு திட்டு. அங்கே நின்றுவிடும். பாதிப் பின்னல். ஒற்றைப் புரியில் சடை ஏது? அந்த நாட்களில் அவள் கடையைத் திறக்க மாட்டாள்.

இப்போது வயதாகிவிட்டது. பள்ளத்தாக்கில் முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். மூட்டுவாதம். விரல் ஒன்றுகூட மடங்காது, விறைத்த மாதிரி நீட்டிக்கொண்டே இருக்கும். கரண்டி பிடிக்க முடியாமல் ஊட்டித்தான் விடுகிறார்கள். மலைப் பக்கம் ஜன்னல் வேண்டும் என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அதனால்தான் சொல்கிறேன். இன்று காலையில்கூடச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன், தடம் இருந்தது. மதியத்துக்கு மேல் இந்த ஜன்னல் பக்கம் மேகம் மூடிவிட்டது. ஒற்றைத் தடம்தானே, பக்கத்தில் இடம் இருக்கிறதே என்று போகாதீர்கள். மலை உழுது கிடந்தால் கிடக்கட்டும், அடுத்த பனிக்குக் காத்திருங்கள். அது ஒருத்திக்காக விட்டு வைத்திருக்கிற இடம்.

என்ன தம்பி? ஏன் அப்படிப் பார்க்கிறாய்?

"ஒத்தைத் தடம் இல்லீங்களேம்மா," என்கிறான் சிவப்புத் தொப்பி. "நாங்க முகட்டுல வரும்போது பாத்தோம். ரெண்டு இருந்துச்சு. ஒண்ணை ஒண்ணு வெட்டி வெட்டி... மேலேர்ந்து கீழ வரைக்கும். யாரோ முந்திக்கிட்டாங்கன்னு எங்களுக்கு எரிச்சலாக்கூட இருந்துச்சு."

மற்ற நாலு பேரையும் பார்க்கிறேன். நாலு பேரும் ஆமாம் என்று தலையாட்டுகிறார்கள்.

இருங்கள். சமையலறையில் தொலைபேசி அடிக்கிறது.

...ரோமெட்தான். இந்த நேரத்தில் அவன் பேசுகிறவன் இல்லை. எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றரை மணி இருக்குமாம். ஜன்னலைப் பார்த்தபடி நாற்காலியிலேயே. வலி ஒன்றும் இல்லையாம். அழுகையோடு அழுகையாகக் கடைசியில் அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"அந்தக் கை... ரெண்டும் மூடியிருக்கு. குச்சியைப் புடிச்ச மாதிரி. நர்ஸுங்க ரெண்டு பேரு சேர்ந்து இழுத்தும் பிரிக்க முடியலை."

அழுகிறேன், ஒன்றும் இல்லை, நீ உட்கார். சூப் ஆறட்டும். தம்பி, நீ மட்டும் ஒன்று சொல். கீழே வந்ததும் அந்த ரெண்டு தடமும் எங்கே நின்றிருந்தது?

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறான்.

"நிக்கலைம்மா," என்கிறான். "பக்கத்துல பக்கத்துல... காட்டுக்குள்ள போயிருச்சு."