வேலி இருக்கிறது என்று எழுதியவன்

எங்கள் கனிமவள ஆபீஸ் ஜெராக்ஸ் மிஷின் வெயில் காலத்தில் தாளைக் கடிக்கும். மற்றபடி குறை சொல்ல முடியாது, சார்.

தகவல் கேட்டு வரும் மனுக்களைப் பார்ப்பது என் வேலை. தர்மனின் மனு சித்திரையில் வந்தது. அரியலூர்ப் பக்கம், கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழியில் துணி துவைக்கப் போன அவன் மகள் மூழ்கிச் செத்திருந்தாள். குழியைச் சுற்றி வேலி இருப்பதாக எங்கள் ஆபீஸின் ஆய்வறிக்கை உண்டு. அதன் நகலைக் கேட்டு என் மேசை முன் வந்து நின்றான்.

"இல்லாத வேலிய இருக்குன்னு எந்த மவராசன் எழுதுனான்னு பாக்கணும் சார். பாத்துட்டு கோர்ட்டுக்குப் போவேன்."

எழுதியவன் நான்தான். அன்றைக்கு வெயில் அதிகம், குழிவரை போகவில்லை. என் அப்பா கல் உடைத்தே செத்தவர். எங்கள் குடும்பத்தில் நிழலில் உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆள் நான். ஓய்வு பெறும் நேரத்தில் அதை விட்டுக்கொடுக்க முடியுமா?

குவாரிக்காரருக்கும் மனுவின் நகலை அனுப்பி, ஆட்சேபம் உண்டா என்று கேட்பது முறை. மனுதாரரின் பெயர், விலாசத்தின் மேல் வெள்ளைத் துண்டு ஒட்டித்தான் நகல் எடுப்போம். டைப்பிஸ்ட் புவனேஸ்வரி ஒட்டினாள்.

"பேரு தெரிஞ்சா டிப்பரு வூடு தேடி வந்துரும் சார்," என்று சிரித்தாள்.

அவள் சாப்பிடப் போனதும் துண்டை உரித்துவிட்டு நகல் எடுத்தேன்.

குவாரிக்காரர் செல்லதுரை போன் செய்தார். "ஆள ஒரு தடவ ஆபீசுக்கு வரச் சொல்லுங்க சார். வழியில பேசிக்கிறோம்."

பேசினால் தீராத விஷயம் என்ன இருக்கிறது?

குவாரி வளைவில் தர்மனின் மொபெட் மீது டிப்பர் ஏறியது. டிரைவர் தூங்கிவிட்டானாம், பட்டப்பகலில். மனுதாரர் இறந்துவிட்டதால் மனுவை முடித்துவைத்தேன்.

அதிலிருந்து என் மேசைப் பக்கம் ஈரத்துணி வாசம் வருகிறது. புவனேஸ்வரிக்கு வரவில்லையாம். ஜன்னலை அடைத்தும் பார்த்துவிட்டேன்.

அறிக்கையின் நகலைத் தபாலில் அனுப்பச் சொல்லி தர்மன் ஸ்டாம்ப் ஒட்டிய கவரே கொடுத்திருந்தான். அதை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, "வெள்ளிக்கிழமை நீங்களே வாங்க தர்மன், கையிலயே தரேன்," என்று கூப்பிட்டது நான். செல்லதுரை அவன் மொபெட் நம்பர் கேட்டார். அதையும் சொன்னேன்.

பேசப் போகிறவர்களுக்கு ஆளை அடையாளம் தெரிய வேண்டும் அல்லவா, சார்.