தீ தேவைப்படாத வீடு

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் பின்பக்கம் என்றைக்காவது கை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா, சார்? வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. அதையே திருப்பிப் போட்டால் ஹீட் பம்ப். வெளியே பனி கொட்டினாலும், அந்தக் காற்றிலிருந்து சூட்டைப் பிடுங்கி வீட்டுக்குள் கொண்டுவரும். எரிவாயு வேண்டாம், புகை வராது. இது என் மண்டையில் ஏறவே ஒரு குளிர்காலம் ஆனது.

வீடு கட்டியவர்களுக்குத் தெரியும் அந்தப் பாடு. ஆர்க்கிடெக்ட் ஒன்று சொல்வார், பிளம்பர் வேறொன்று சொல்வார், எலக்ட்ரீஷியன் இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். என் தலைமுடி பாதி அதில்தான் போனது. கடைசியில் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய், கூரை முழுக்க சோலார், மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல், இண்டு இடுக்கு விடாமல் அடைத்த சுவர் என்று முடிவானது. காற்றோட்டத்துக்குத் தனி மெஷின். அதைப் பொருத்தியவர் கிளம்பும்போது சொன்னார்: "சார், இந்த வீடு தானா மூச்சு விடாது. மெஷின்தான் விடும். உள்ள எதையும் கொளுத்திடாதீங்க."

ஹாலில் ஒரு சின்னத் திரை உண்டு. வீட்டின் மின்செலவு திட்டத்துக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. ஆபீஸிலிருந்து வந்ததும் ஷூவைக் கழற்றுவதற்கு முன் அதைத்தான் பார்ப்பேன். "என் முகத்தை ஒருநாளாவது இப்படிப் பார்த்திருக்கீங்களா?" என்று மனைவி கிண்டல் செய்வாள்.

பிறகு மாமனார் எங்களோடு தங்க வந்தார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். பேக்கரி அடுப்போடு ஆயுசைக் கழித்தவர். எங்கள் தரையில் காலை வைத்துப் பார்த்துவிட்டு, "சுடவும் இல்ல, குளிரவும் இல்ல. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு மாப்பிள்ளை. தீ கண்ணுக்குத் தெரியணும், அப்பத்தான் உடம்பு நம்பும்" என்றார்.

தன் அறையில் ஓர் இரும்புச் சட்டியில் கரி மூட்ட ஆரம்பித்தார். விவரம் தெரிந்தவர், ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் மூட்டுவார். சூடெல்லாம் அந்த வழியே போக, ஹீட் பம்ப் ஓயாமல் ஓடித் திரை சிவப்பானது. நான் சொல்லிப் பார்த்தேன். "வயசானவர், விடுங்களேன்" என்றாள் மனைவி. விட்டிருக்கலாம்தான். ஆனால் ஒரு பத்திரிகையிலிருந்து வீட்டைப் படமெடுக்க வருவதாக இருந்தார்கள். தினமும் சிவப்பைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது, சார். அவ்வளவு அலுப்பு.

ஆளை வைத்து அவர் அறை ஜன்னலைத் திறக்க முடியாதபடி திருகாணி போட்டு இறுக்கச் சொன்னேன். மாமா முகம் வாடிவிட்டது. "அதனால என்ன மாமா, காத்த மெஷின் பாத்துக்கும். நீங்க தாராளமா மூட்டுங்க" என்றேன். நல்ல கரியாக நானே ஒரு மூட்டை வாங்கிக் கொடுத்தேன். மாப்பிள்ளைக்கு இப்போதுதான் மனசு இளகியிருக்கிறது என்று மகளிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாராம்.

அந்த மெஷின் அவர் அறைக் காற்றை உறிஞ்சும்போது கொஞ்சம் சூடும் வீணாகிறது. அதனால் அந்த அறைக்குப் போகும் காற்றுக் குழாயை மட்டும் மூடினேன். அவரிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவி கடைக்குப் போயிருந்தாள். நான் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். "மாப்பிள்ளை" என்று உள்ளேயிருந்து ஒருதரம் கூப்பிட்டார். குரல் குழறியது. கதவைத் திறந்தால் புகை ஹாலுக்கு வரும், மெஷின் வேகமெடுக்கும், மறுபடி சிவப்பு. திரை அப்போதுதான் பச்சைக்கு மாறியிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

தெரியாமல் நடந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. மெஷின்காரர் சொன்னது எனக்கு மறக்கவேயில்லை. ஜன்னலை அடைத்தது, குழாயை மூடியது, கரி வாங்கியது, கூப்பிட்டும் போகாதது எல்லாம் நான்தான். மாமாவைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம், சார். உங்கள் ஆட்கள் கதவையெல்லாம் திறந்து போட்டிருக்கிறார்களாம். மாமா அறை ஜன்னலை உடைத்தேவிட்டார்களாம். வேலை முடிந்ததும் எதையாவது வைத்து அடைக்கச் சொல்லுங்கள். பாவம், அந்த வீடு ஒருநாளும் இப்படிக் குளிர்ந்ததில்லை.