நட்ட மறுநாளே கதிர்

“நட்ட மறுநாளே கதிர் கேட்டா நெல்லு என்ன செய்யும் மாப்ளே? நம்ம டீமு வெளிநாட்டுல தோக்கது அதனாலதான்.”

பூதப்பாண்டியிலிருந்து நாகர்கோவில் செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில் இருந்த விவசாயி தம் மைத்துனரிடம் இவ்வாறு கூறினார். முந்தைய நாள் நம் அணி அயல்நாட்டில் ஒருநாள் போட்டியில் தோற்றிருந்தது. லண்டனில் செவிலியராகச் சேர்ந்த விவசாயியின் மகள் தொலைபேசியில் அழுததால், அவள் திரும்பி வர விமானச் சீட்டெடுக்க இருவரும் செல்கின்றனர் என்பதை அவர்கள் ஏறியபோதே பேச்சிலிருந்து அறிந்திருந்தேன்.

“இங்க முந்நூறு அடிக்கவனுவதானே அத்தான்? அங்க மட்டும் என்ன கேடு?”

“அங்க குளுரு. பந்து வளைஞ்சு வளைஞ்சு வரும். பிளேன் எறங்கி ரெண்டாம் நாளே ஆடுனா? நாத்தைப் பறிச்சு நட்டா மொதல்ல மஞ்சளாத்தான் நிக்கும். வேரு பிடிக்க பத்து பன்னெண்டு நாளு விடணும். இவனுவ ஒரு மேட்ச் தோத்த ஒடனே ஆளை மாத்துகானுவ.”

மைத்துனர் சன்னல் வழியே வயல்களைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

“ஒம்ம மொவ போயி எத்தன நாளாச்சு அத்தான்?”

“ஒம்பது.”

“பன்னெண்டு நாளு விடணும்னு இப்பத்தானே சொன்னீரு?”

விவசாயி தம் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

“டீமு தோத்தா டிவியை நிறுத்திட்டு ஒறங்கிரலாம் மாப்ளே. பிள்ளை அழுதா ஒறக்கம் வருமாவே?”

வடசேரியில் இருவரும் இறங்கினர். மைத்துனர் அவருடைய பையை வாங்கிக்கொண்டு, பயணச்சீட்டு அலுவலகம் இருந்த திசையில் முன்னே நடந்தார்.