காலியான குளம் மேலே வந்தது பற்றி

என் பெயரைக் காவல் நிலைய எழுத்தர் மேலே எழுதிக்கொண்டார். அந்தப் பெயரில் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. வண்டி வண்டியாக அளந்துவிடுவதால் தெருவில் நான் புளுகு மாமா. வயது அறுபத்திரண்டு. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்தெருவில் மாடி வீட்டில் குடியிருக்கிறேன். லாரி எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இறந்துபோனவர் என் தங்கையின் கணவர். நான் அவரை மாப்பிள்ளை என்றும் அவர் என்னை மச்சான் என்றும் கூப்பிடுவோம்.

சென்ற கோடையில் மாப்பிள்ளை தன் வீட்டுத் தோட்டத்தில் கான்கிரீட் குளம் ஒன்று கட்ட ஆசைப்பட்டார். நான் அதைச் சமுத்திரம் என்று அறிவித்து, முதல் கப்பல் எப்போது வரும் என்று தெரு முழுக்க விசாரித்தேன். உள்ளபடி அது இரண்டு கட்டில் போடும் அகலம், இடுப்பளவு ஆழம். இப்போது நீங்கள் பிடித்து வைத்திருக்கும் மேஸ்திரிதான் கட்டினார். பள்ளம் தோண்டி, ஜல்லி கொட்டி, கம்பி கட்டி, அடியையும் சுவரையும் ஒரே மூச்சில் வார்த்து, ஈரச் சாக்குப் போட்டு வைத்தார். நான் தினமும் நாற்காலி போட்டு, மேற்பார்வை என்ற பெயரில் அவர் வேலையைக் கெடுத்தேன். அதன்பின் மாப்பிள்ளை விருப்பப்படி, ஒரு பக்க விளிம்பில் சாய்த்துப் பாறைகளை ஆளுயரத்துக்கு அடுக்கி அருவி வைத்தார்கள்.

மேஸ்திரியும் என் கட்சிதான். தான் பூசிய சுவரில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்பார். வேலை முடிந்த அன்று மாப்பிள்ளை, தங்கை, நான் மூவரிடமும், "மழைக்காலத்துல மட்டும் தண்ணியை இறைச்சிடாதீங்க. அடியில ஊறுற தண்ணி தொட்டியை அப்படியே தூக்கிடும். கிளம்பி வந்து வாசல்ல நிக்கும்" என்றார். "வந்தா காபி குடுத்து உட்கார வைப்போம்" என்றார் மாப்பிள்ளை. எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன்.

போன வாரம் முழுக்க மழை. குளத்துத் தண்ணீர் பச்சையாகி நாறியது. ஞாயிற்றுக்கிழமை மழை விட்டதும் மாப்பிள்ளை மோட்டாரை இறக்கினார். தங்கை ஜன்னலிலிருந்து, "மேஸ்திரி வேண்டாம்னாரேங்க" என்றாள். "அவரும் உன் அண்ணனும் ஒரே பள்ளிக்கூடம்டீ" என்று சொல்லி அவரே சுவிட்சைப் போட்டார். நான் மீன்களை வாளியில் பிடித்துக்கொண்டிருந்தேன். அதன்பின் குளம் காலியானது. அதன்பின் அவர் செருப்பைக் கழற்றி ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டு, பிரஷ்ஷுடன் இறங்கி அடியைத் தேய்த்தார். அதன்பின் தரைக்கடியில் யாரோ பெரிய கதவைத் திறந்ததுபோல் சத்தம் கேட்டது. "மச்சான், ஆடுது" என்றார். முகம் சிரித்தபடிதான் இருந்தது. எதிர்ப்பக்கம் தூக்கிக்கொண்டது, அருவிப் பக்கத்து விளிம்பு விலகியது, பாறைகள் உள்ளே அவர்மேல் சரிந்தன. நான் வாளியை வைத்துவிட்டு மோட்டாரை நிறுத்தினேன். ஏன் முதலில் அதைச் செய்தேன் என்று தெரியவில்லை. அதன்பின் ஓடிவந்த தங்கையும் நானும் பாறைகளைப் புரட்டினோம். அதன்பின் ஆம்புலன்ஸ் வந்தது.

குளம் எவ்வளவு உயர்ந்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். வேறொரு நாளாயிருந்தால் மேகத்தில் இடித்தது என்றிருப்பேன். ஒரு சாண்.

மேஸ்திரி சிமெண்டில் கை வைத்ததால் குளம் இடிந்தது என்று புகாரில் இருக்கிறது. குளம் இடியவில்லை. அதில் முடியளவு விரிசல்கூட இல்லை, போய்ப் பார்க்கலாம். அவர் மோசமாகக் கட்டியிருந்தால் விரிசல் வழியாக அடித்தண்ணீர் உள்ளே வந்திருக்கும், மாப்பிள்ளை கால் நனைந்து ஏறி வந்திருப்பார். ஒழுகாமல் கட்டியதால்தான் மிதந்தது.

புகார் கொடுத்தது என் தங்கை. இன்று காலை இந்த நிலைய வாசலில் என் கையைப் பிடித்து, "அவர்தான் மோட்டார் போட்டார்னு சொல்லிடாதண்ணா. சொல்லச் சொல்லக் கேக்காம செத்தான்னு ஊர் சிரிக்கணுமா? மேஸ்திரி எப்படியாவது வெளிய வந்துடுவார்" என்றாள். நான் கையை விடுவித்துக்கொண்டு படியேறினேன். "நீ சொன்னாலும் யார் நம்பப் போறாங்க" என்றாள்.

மோட்டார் போட்டது மாப்பிள்ளைதான். மேஸ்திரி எச்சரித்திருந்தும் போட்டார். நான் பக்கத்தில் நின்றும் தடுக்கவில்லை.

எழுதியதை இன்ஸ்பெக்டர் எனக்கு வாசித்துக் காட்டத் தொடங்கும்போது, தங்கை வெளியே பெஞ்சில் இருப்பதால் கதவைச் சாத்தட்டுமா என்று கேட்டார். திறந்தே இருக்கட்டும், சத்தமாக வாசியுங்கள் என்றேன். வாசித்து முடியும்வரை அவள் எழுந்து போகவில்லை. இதில் உள்ளது அனைத்தும் நடந்தது நடந்தபடி. நான் கூட்டியது ஒன்றுமில்லை.

(ஒப்பம்)