பொருளடக்கத்தில் வராதது

எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் பொருளடக்கத்தைப் பார்ப்பது என் வழக்கம். இருபத்திரண்டு வருடமாக ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிறேன், தொழில் புத்தி. நீங்களும் அந்த ரகம்தான் போலிருக்கிறது டாக்டர். "தங்கச்சிக்கு இந்த மறதி எப்ப ஆரம்பிச்சுது, எப்படி வளர்ந்துது, எதையும் விடாம எழுதிட்டு வாங்க. ஆனா முன்னாடி ஒரு பொருளடக்கம் போட்டுடுங்க. எல்லாத்தையும் படிக்க எனக்கு நேரம் இருக்காது, வேணுங்கறதை மட்டும் புரட்டிக்கறேன்" என்றீர்கள். திங்கட்கிழமை அதை வைத்துத்தான் அவளுக்கு மாத்திரையைத் தொடங்குவதா என்று முடிவு செய்வீர்கள். எழுதிவிட்டேன். மொத்தம் ஆறு அத்தியாயம். இது மூன்றாவது.

நீங்கள் பார்த்த சின்னு, சாவி இருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பையைத் திறந்து பார்க்கிறவள். மூன்று வருடத்துக்கு முன்பு அவள் அப்படியில்லை. நூற்று நாற்பது கிணறுகளில் எந்தக் கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காகிதம் பார்க்காமல் சொல்வாள். அதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. உப்புப் பெறாத விஷயத்துக்கு ஆறு வருடமா என்று கேலி செய்வேன். "உப்பு இருக்கறதுதான் அண்ணா விஷயமே" என்பாள்.

அப்போது அம்மா இருந்தாள். உடம்பு மட்டும் இருந்தது. பிள்ளைகள் யாரென்றே அவளுக்குத் தெரியாது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் சின்னு. நானும் சும்மா இருக்கவில்லை. மருந்து வாங்கி வருவது நான்தான்.

ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து முடித்த அன்று, பொருளடக்கம் வரமாட்டேன் என்கிறது என்று என்னைக் கூப்பிட்டாள். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஏழு அத்தியாயத் தலைப்புகளையும் எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கி, நடுவில் போட்டிருந்தாள். எல்லோரும் செய்கிற பிழை. நம் கண்ணுக்கு அது தலைப்பு. கம்ப்யூட்டருக்கு அது வெறும் பெரிய எழுத்து. இது தலைப்பு என்று ஸ்டைல் பட்டியலில் தேர்ந்தெடுத்துச் சொன்னால்தான் அது பொருளடக்கத்தில் எடுத்துக்கொள்ளும். ஒரு தலைப்புக்கு ஒரு சொடுக்கு. ஏழு சொடுக்கில் முடிகிற வேலை.

சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "அண்ணா, அந்தக் காலேஜ்ல வேலை குடுத்துட்டாங்க. பட்டம் வந்ததும் சேரணுமாம். அம்மாவை நீ பாத்துப்பதானே?" என்றாள். ரயிலில் ஒன்றரை நாள் போக வேண்டிய ஊர். நான் திறந்த வாயை மூடிக்கொண்டு, "என்னன்னு தெரியலையே சின்னு, பாக்கலாம்" என்றேன். முதல் நாள் நான் செய்தது அவ்வளவுதான். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது ஒரு குற்றமா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

ஆனால் அவள் கெட்டிக்காரி. இரண்டே வாரத்தில் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். ஏழு தலைப்பும் பக்க எண்ணோடு வரிசையாக வந்து நின்றன. குழந்தை மாதிரி கைதட்டினாள்.

மறுநாள் காலை அவள் அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு நாற்பது நிமிடமாகும். குளியலறையில் குவளைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் ஏழு தலைப்புகளையும் சாதாரண வரிகளாக மாற்றினேன். பிறகு பெரிதாக்கி, தடிமனாக்கி, நடுவில் வைத்தேன். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் கிடையாது, பொருளடக்கம் மட்டும் காலியாகிவிடும். அது எனக்குக் கைவந்த வேலை.

"நேத்து நான் சரி பண்ணேனே அண்ணா" என்றாள்.

"பண்ணியா?" என்றேன். அதட்டிச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் கேட்டேன்.

அவள் மறுபடி சரிசெய்தாள். நான் மறுபடி மாற்றினேன். வெளியில் யாரிடமாவது காட்டலாமா என்றாள். அண்ணன் இந்தத் தொழிலில் இருக்கும்போது ஊரார் சிரிக்க மாட்டார்களா என்றேன். பொருளடக்கத்தைக் கையாலேயே தட்டச்சு செய்து சமர்ப்பித்தாள். கடைசிப் பிரதியை அச்செடுத்துத் தந்தவன் நான். வரி இடைவெளியை இம்மியளவு கூட்டினேன்; பக்கங்கள் தள்ளிப்போயின. பக்க எண்கள் ஒன்றும் பொருந்தவில்லை என்று பல்கலைக்கழகத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு சின்னு, செய்ததையெல்லாம் துண்டுச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்ட ஆரம்பித்தாள். 'தலைப்பு ஏழும் போட்டாச்சு, செவ்வாய்.' அதில் இரண்டொரு சீட்டுகளை நான் எடுத்ததுண்டு. எல்லாவற்றையும் எடுக்கவில்லை.

பிறகு எனக்கு வேலையே இல்லாமல் போனது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தாள். பூட்டிய கதவைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்த்தாள். கிணறுகளின் எண்கள் ஒன்றோடொன்று குழம்பின. இவற்றில் எதையும் நான் செய்யவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "அம்மாவுக்கும் இப்படித்தானே அண்ணா ஆரம்பிச்சுது?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "அதையெல்லாம் இப்ப ஏன் நினைக்கற? நான் இருக்கேன்ல" என்றேன். அவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். யார் அழுகிறார்கள் என்று தெரியாமல் அம்மா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அந்த மாதமே, இனி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப்போவதில்லை என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். உடல்நிலை காரணமாக வேலைக்கு வர இயலவில்லை என்று அந்தக் கல்லூரிக்கும் எழுதினாள். கடிதத்தில் பிழை பார்த்துக் கொடுத்தது நான். ஒரு பிழைகூட இல்லை.

அம்மா போனதும் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். போன வருடம் அம்மா போய்விட்டாள். பதினாறாம் நாள், சின்னு இரண்டு தட்டு எடுத்துவைத்துவிட்டு, "இனிமே நாம ரெண்டு பேர்தான் அண்ணா" என்றாள். அப்போது சொன்னால் அவள் போய்விடுவாள். இந்த வீட்டில் எத்தனை அறை என்று அன்றுதான் எண்ணிப் பார்த்தேன்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, அதனால் ஆரம்ப விவரம்தான் முக்கியம் என்றீர்கள். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறேன். அவளுக்கு நோய் எதுவும் இல்லை. முதலில் அவள் மறந்ததாக நினைத்ததையெல்லாம் செய்திருந்தாள். அழித்தது நான்.

சற்று முன் சின்னு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். திரையில் இந்தப் பக்கம்தான் இருந்தது. இப்போதெல்லாம் அவள் எதையும் படிப்பதில்லை; படித்தால் மனதில் நிற்காதோ என்று பயம்.

"என்னண்ணா எழுதற?"

"உன் விஷயம்தான். டாக்டருக்கு."

"எனக்காக எவ்வளவு மெனக்கெடற" என்று என் தலையை வருடிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் எனக்கு எழுத்து தெரியவில்லை.

மனதில் இருந்ததைக் கொட்டியாயிற்று. ஒரு வார்த்தையைக்கூட நான் மறைக்கவில்லை, நீக்கவில்லை. பக்கத்தைப் புரட்டுகிற யாருக்கும் இந்த அத்தியாயம் கண்ணில் படும். தலைப்பைப் பெரிதாக, தடிமனாக, நடுவில் போட்டிருக்கிறேன். கடைசியாகப் பொருளடக்கத்தையும் போட்டுப் பார்த்தேன். ஐந்து வரி, அழகாக வந்திருக்கிறது.